வழக்கில் உள்ள நிலம்

திராவா ஆற்றின் இடக்கரையில்
நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர் நீளம்.
அகலம் ஓரிடத்தில் முப்பது, ஓரிடத்தில் ஒன்பதே.
இதற்காகக் கொலாரெக் வீட்டு அண்ணனும் தம்பியும்
பதினோரு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை.

அளந்து வா என்றது நீதிமன்றம்.
முக்காலி, கருவி, நாடா,
யூரிட்சா என்றொரு உதவியாள்,
அவன் பையில் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டி.

நான்கெல்லையாவது:
வடக்கே விங்கோவின் மக்காச்சோளமும்
அதை ஒட்டி பிளாஷின் மக்காச்சோளமும்,
சீப்பால் வாரியதுபோல்.
தெற்கே ஆறு.
மேற்கே ஆறு எப்போதோ கைவிட்டுப்போன வளைவு, இன்று குளம்.
கிழக்கே சரளை அள்ளிய குழி, அதுவும் குளம்.
மற்ற இடமெல்லாம் ஏர் தண்ணீர்வரை போயிருக்கிறது.
இங்கு மட்டும் தடையுத்தரவு:
யாரும் உழக்கூடாது, வெட்டக்கூடாது, வேலியிடக்கூடாது.

உத்தரவைப் படிக்காமலே
முதலில் வந்தது வில்லோ.
பிறகு நாணல், முள்,
வெள்ளம் இழுத்துவந்து குறுக்கே போட்ட
முழு நீளப் போப்ளார் ஒன்று.
அதன் பட்டைக்கடியில்
ஈரத்தை விரலளவு சேமித்து வைத்திருந்த சலமாண்டர்.

இரண்டாம் மூலையில் முக்காலியை ஊன்றினேன்.
ஒரு முழம் தள்ளி மண் அசைந்தது.
கழுத்தெல்லாம் மஞ்சள் புள்ளி தெளித்த ஆமை
பின்னங்கால்களால் குழி பறிக்கிறது.
தான் தோண்டுவதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.
மண் இறுகும்போதெல்லாம்
உடம்பிலிருந்து கொஞ்சம் நீரை விடுகிறது,
இடது கால், வலது கால், மறுபடி இடது.
நாங்கள் அசையவில்லை.
இரண்டு மணி நேரத்தில்
யூரிட்சா ரொட்டி முழுவதையும் தின்றான்,
என் பங்கையும் சேர்த்து.
ஒன்பது முட்டைகள் என்றான் அவன்.
நான் எண்ணியது பத்து.

மூன்றாம் எல்லைக்கல்
துருப்பிடித்த தகரம் ஒன்றின் கீழ் என்று வரைபடம் சொன்னது.
தூக்கினேன்.
கழுத்தில் மஞ்சள் வளையமிட்ட பாம்பு
சட்டென்று மல்லாந்து, வாயைப் பிளந்து,
நாக்கைத் தொங்கவிட்டு,
செத்துவிட்டேன் என்றது.
நாற்றம் வேறு.
செத்தவர்களை விசாரிக்க முடியாது.
தகரத்தை இருந்தபடியே மூடிவிட்டேன்.

பொழுது சாய்ந்ததும்
டிராக்டர் தடம் ஒன்றில் தேங்கிய நீரிலிருந்து
ஊங்... ஊங்... என்று தேரைகள்.
வயிற்றைப் புரட்டினால் தீப்பொறி சிதறியதுபோல் சிவப்பு.
தடம் விங்கோவின் டிராக்டருடையது,
அண்ணன் தம்பி சண்டை தொடங்கிய நாளில்
கோபத்தோடு வண்டியைத் திருப்பியது.
மேற்குக் குளத்துத் தேரையின் பேரப்பிள்ளைகள்
இப்படிப் பள்ளம் பள்ளமாகத் தங்கித் தங்கிக்
கிழக்குக் குளத்துக்குப் போய்ச்சேர்ந்திருக்கின்றன.

அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம்:
'கடந்த பத்தாண்டுகளாக இடையூறின்றி,
வெளிப்படையாக, தொடர்ந்து
இந்நிலத்தை ஆண்டனுபவித்து வருபவர் பெயர்.'
பேனாவைத் திறந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
தபாலில் நோட்டீஸ் வாங்க முடியாதவர்களை
எந்தப் பெயரில் எழுதுவது?

கடைசியில் இப்படி எழுதினேன்:
மூன்றாம் மூலைக்கல் காணக் கிடைக்கவில்லை,
மறு அளவை தேவை,
அடுத்த மே மாதத்துக்கு மேல் வசதி.
பொய்யில்லையா என்றான் யூரிட்சா.
கல்லை நீ பார்த்தாயா என்றேன்.
பாம்பைத்தான் பார்த்தேன் என்றான்.
கையெழுத்துப் போட்டான்.

முட்டைக்குச் சுமார் நூறு நாள்.
பொரிந்த குஞ்சுகளும் சில வருடம்
பனி முடியட்டும் என்று
மண்ணுக்குள்ளேயே இருந்துவிடும்.
மே வந்தால் போதும்.

வழக்கறிஞர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை,
அவர்கள் நன்றாக இழுப்பார்கள்.
பயமெல்லாம் வேறு:
பிளாஷின் மகளுக்குக் கல்யாணமாம்,
அக்டோபரில்.
அண்ணனுக்கும் பத்திரிகை போயிருக்கிறதாம்.
விங்கோ அதைக் கிழிக்கவில்லையாம்,
பீரோவின் மேல் வைத்திருக்கிறாராம்.